தகரத்தில் விழுந்த ஒரு அடி

சித்திரை வெயிலுக்குத் தப்பி, நல்லேப்பிள்ளியிலிருந்து நானும் என் கணவரும் சின்னக்கானல் போயிருந்தோம். அங்கே பழைய தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றை அந்தக் காலத்தில் இருந்தபடியே வைத்துக் காட்டுகிறார்கள். கம்பளி போர்த்தியவர்கள் அடுப்பு ஊதுவார்கள், கொழுந்து கிள்ளுவார்கள். இன்றைய விஷயம் எதைக் கேட்டாலும் தெரியாது என்பார்கள். அதுதான் அவர்களுடைய வேலை.

பதினொன்று பத்துக்கு, வரிசையின் கடைசி வீட்டில் ஒரு பெண் எங்களுக்குப் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தாள். சுவரில் ஒரு தகரமும் குச்சியும் தொங்கின. அன்றெல்லாம் யானை வந்தால் இதைத்தான் தட்டுவார்களாம்.

"நம்ம வயல்ல பன்னி முடுக்கறதே நாந்தானுங்க," என்று என் கணவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்.

வாசலுக்கு வந்த அந்தப் பெண் சட்டென்று நின்றாள். "அண்ணே, உள்ள வந்துருங்க. யானை நிக்கி."

"பாரு, அம்மணி என்னமா நடிக்குது!" அவர் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

நானும் சிரித்தேன். அவள் கம்பளிக்குள்ளிருந்து மொபைலை எடுத்தாள். "கடைசி வீட்டுக்கிட்ட ஒத்தை யானை. ஆளு வெளிய நிக்காரு," என்றாள். என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் முதுகுக்குப் பின்னால், முப்பதடி தள்ளி, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அது நின்றது.

"காது ஆடுறது நின்னுபோச்சு," அவள் என் தோளைப் பிடித்தாள். "இன்னொரு அடி விழுந்தா ஓடி வந்துரும். கத்திராதீங்கக்கா."

குச்சி மறுபடி உயர்ந்தது. எங்கள் வயலில் மோட்டார் ஓடும்போது என் குரல் அவருக்குக் கேட்காது. வரப்பில் நின்று முந்தானையை இரண்டு முறை தூக்கி இறக்கினால் மோட்டாரை நிறுத்திவிடுவார். இருபத்தாறு வருஷப் பழக்கம். முந்தானையைத் தூக்கி இறக்கினேன். மறுபடியும்.

குச்சி கீழே இறங்கியது. ஏதோ வேலை சொல்லப்போகிறேன் என்ற சலிப்போடு, திரும்பிப் பார்க்காமல், மெல்ல நடந்து வந்தார். பதினான்கு அடி வைத்தார். அவள் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

"ஏன் நிறுத்தச் சொன்னே?"

நான் பதில் சொல்லுமுன் ஜன்னல் இருண்டது. சுவரை ஏதோ உரசிக்கொண்டு போனது. அவர் கைகள் நடுங்கத் தொடங்கின. தகரமும் குச்சியும் இன்னும் அவற்றில்தான் இருந்தன. இரண்டும் மோதாமலிருக்க, இடையில் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்.