வளைந்த முதுகுக்கு ஒரு பெட்டி

தையலக்காவின் தம்பிக்குத் தெருவில் வைத்த பெயர் கேள்விக்குறி. சின்ன வயதில் எலும்பில் வந்த காசநோய் அவன் முதுகை வில்லாக வளைத்துவிட்டது. நடக்கும்போது தரையைத்தான் பார்க்க முடியும். வளர்ந்து சாவி வெட்டும் கடை போட்டபோது, பெயர்ப்பலகையில் பெரிதாக ஒரு கேள்விக்குறியையே வரைந்து மாட்டினான். அதற்குப் பிறகு கேலி செய்தவர்களுக்குச் சுவாரஸ்யம் போய்விட்டது.

அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவனை ஆளாக்கியது அக்காவும் அவளுடைய தையல் மிஷினும்தான். அவனுக்கு ஆயத்த உடை எதுவும் சேராது. பின்பக்கம் தாராளமாகவும் முன்பக்கம் குட்டையாகவும் சட்டை வெட்டுவாள்.

"ஊர்ல எவனுக்கும் இல்லாத அளவுடா உனக்கு" என்பாள்.

"நல்லதாப் போச்சு. என் சட்டையை எவனும் திருட மாட்டான்" என்பான்.

வாலிப வயதில் ஒருமுறை, நோய்களைக் குணமாக்கும் பிரசங்கியார் ஒருவர் வந்து மைதானத்தில் மேடை போட்டிருந்தார். அக்கம்பக்கத்தார் நச்சரித்ததால் அவனையும் கூட்டிப் போனாள். பிரசங்கியார் அவன் கூனில் கை வைத்து, வியர்க்க வியர்க்க ஜெபித்தார். முதுகு அசைந்து கொடுக்கவில்லை. அவர் மைக்கைப் பிடித்து, "இந்தத் தம்பிக்கு விசுவாசம் பத்தல" என்றார்.

தையலக்கா விறுவிறுவென்று மேடை ஏறினாள். "இந்த முதுகோடதான் ஆண்டவர் இவனை ஏத்துக்கிட்டாரு. உங்களுக்கு மட்டும் என்னங்க அவசரம்?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டு, தம்பியின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தாள்.

வழியில் அவன் கேட்டான்: "அக்கா, உயிர்த்தெழும்போது என்னை நிமித்தி விட்டுட்டா நீ எப்படி அடையாளம் கண்டுபிடிப்ப?"

"உன் வாயை வச்சுதான்."

அவன் சிரித்தான். பிறகு, "ஆண்டவருக்கு மட்டும் உயிர்த்தெழுந்த பிறகும் ஆணிக் காயம் அப்படியே இருந்துச்சே" என்றான். அந்தப் பேச்சு அவள் மனசுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

வளைந்த நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரலுக்கு இடம் போதாது. ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்து, விடாமல் இருமி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவன் போய்விட்டான். அவனை முன்னறைக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடத்தினார்கள். அவள் கடைசியாகத் தைத்த சட்டையைப் போட்டுவிட்டாள்.

சவப்பெட்டி செய்பவர் வந்து அளவெடுத்தார். உதட்டைப் பிதுக்கினார். துக்கத்துக்கு வந்திருந்த சித்தப்பாவைத் தனியே ஓரங்கட்டி, "மல்லாத்திப் படுக்க வச்சா மூடி மூடாதுங்க. ரெண்டு பேர் தோளையும் முட்டியையும் பிடிச்சு அழுத்தினா நிமிந்துடும். ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அவருக்கு என்ன தெரியவா போகுது?" என்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற தையலக்காவின் காதில் அது விழுந்தது. உள்ளே வந்தாள்.

"அவன் மேல யாரும் கை வைக்கக் கூடாது."

"ஏம்மா, வாசல்ல ஊரே நிக்குது" என்றார் சித்தப்பா. "செத்த உடம்புதானே."

அடக்கம் நடத்த வந்திருந்த போதகர் இடையில் புகுந்தார். நல்ல மனிதர், தணிந்துதான் பேசினார். "ஆத்துமா ஆண்டவர்கிட்ட போயாச்சும்மா. இது வெறும் கூடு. காலம் பூரா அவரைப் பாடாப் படுத்தின கூடு. அதுல இருந்து விடுதலை கிடைச்சிருக்கு. அதுதானே ரட்சிப்பு?"

"இல்லைங்க ஐயா." அவள் குரல் இறங்கவில்லை. "வெறும் கூடுன்னா, ஆண்டவர் அதைக் கல்லறையிலேயே போட்டுட்டு வந்திருக்கலாமே. ஆணி அடிச்ச கையோடதானே வந்தாரு? தொட்டுப் பாருன்னாரு. சாப்பிட ஏதாவது இருக்கான்னு கேட்டாரு. இந்தக் கையாலதான் இவன் சாவி வெட்டினான். இந்த வாயாலதான் உங்க கோயில்ல பாடினான், என்கூட சண்டை போட்டான். இதெல்லாம் வேண்டாம்னா, அவர் எதைத்தான் ஐயா ரட்சிச்சாரு?"

"மண்ணாப் போறதுதானேம்மா..."

"போகட்டும். மண்ணுல இருந்து மனுஷனை எடுக்கிறது அவருக்குப் புதுசா? இவனை நிமித்தணும்னா படைச்சவர் நிமித்தட்டும். உடைக்காம நிமித்த அவருக்குத் தெரியும்."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தம்பியின் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். இனி இவளை நகர்த்த முடியாது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பெட்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பட்டறைக்குத் திரும்பினார்.

புதுப்பெட்டி வந்து சேர வெகு நேரமாயிற்று. வந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். அகலமும் உயரமுமாக அதை இறக்கி வைத்தபோது சித்தப்பா தன்னையறியாமல், "பீரோ மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தையலக்கா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். "அவன் இருந்திருந்தா இதையேதான் சொல்லியிருப்பான் சித்தப்பா."

ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, வழக்கமாகத் தூங்குகிற மாதிரியே அவனைப் படுக்க வைத்தார்கள். எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் குழி போதவில்லை. வெட்டுகிறவர் மறுபடி மண்வெட்டியை எடுத்தபடி, "இவ்வளவு நேரம் காக்க வச்சுட்டு, இப்ப மறுபடி வெட்டணுமா?" என்று சலித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க. அவன் எழுந்து வர இன்னும் எத்தனை காலம் காத்திருக்கணுமோ" என்றாள்.

போதகர் புத்தகத்தைத் திறந்தார். பழக்கதோஷத்தில் "இந்தக் கூட்டை..." என்று தொடங்கியவர், அவளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தச் சரீரத்தை, எழுந்து வரும் நாள் வரைக்கும் மண்ணிடம் ஒப்படைக்கிறோம்" என்றார். மனம் மாறித்தான் சொன்னாரா, அவளுக்குப் பயந்து சொன்னாரா தெரியாது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

வீடு திரும்பியதும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் பேருக்கு வாயில் வைத்துக்கொண்டிருக்க, இவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

"உனக்கு எப்படிம்மா இறங்குது?" என்றாள் சித்தி.

"பசிக்குது சித்தி. உடம்பு இருக்கே."

கண்ணீர் தட்டிலேயே விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கினாள்.