அருவிக்குள் போன சுவிஸ் வாட்ச்

சனிக்கிழமை காலை ஆறே கால் மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் தென்காசி பஸ் ஏறினோம், நானும் என் தம்பி செல்வமும். நூற்றறுபது கிலோமீட்டர். நான்கு மணி நேரம் என்றார் கண்டக்டர், நான்கரை ஆயிற்று. தம்பிக்குத் தென்காசியில் பெண் பேசியிருக்கிறது. பெயர் சங்கரி, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆடி கழிந்து ஆவணியில் நிச்சயம். அதற்குள் ஒருமுறை குற்றால சீசனுக்கு வந்து குளித்துவிட்டுப் போங்கள் என்று பெண்ணின் அப்பா கூப்பிட்டிருந்தார். மதுரையில் பாதிப் பேர் வருடா வருடம் குற்றாலம் போய் வந்து கதை அளக்கிறார்கள். நான் இத்தனை வயதுக்கு அதை எட்டிப் பார்த்ததில்லை. கூப்பிட்டதும் பறந்துகொண்டு கிளம்பிவிட்டேன்.

இன்னொரு காரியமும் இருந்தது. தம்பி சார்ஜாவில் ஏசி மெக்கானிக். நான்கு மாதத்துக்கு முன் கம்பெனியை மூடி எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பெண் வீட்டாருக்கு அது தெரியாது. லீவில் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "நேர்ல பாக்குறப்ப நீயே சொல்லிரு" என்று ராஜபாளையம் வரை அவன் காதைக் கடித்துக்கொண்டே வந்தேன். "சொல்றேன்க்கா, சொல்றேன்" என்றவன் சிவகிரி தாண்டியதும் தூங்கிப்போனான். எனக்கு எங்கே தூக்கம்? புளியங்குடி வந்ததும் மலை கிட்டே வந்துவிட்டது. கடையநல்லூரில் ஜன்னல் வழியாகப் பொடிப்பொடியாகத் தண்ணீர் முகத்தில் அடித்தது. மழை என்று கண்ணாடியை இழுத்து மூடினேன். "சாரலுக்குப் போயி அடைக்கியளே" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சிரித்தாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். லாட்ஜில் அறைக்கு ஆயிரத்து நானூறு வாங்கினார்கள். சீசனுக்கு இது குறைச்சல்தானாம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைத்தெருவுக்குப் போனோம். சிப்ஸ், அல்வா, மங்குஸ்தான், ரம்புட்டான், பனியன், பொம்மைத் துப்பாக்கி. அங்கேதான் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் அந்த வாட்ச் கடை இருந்தது. உலகப் பணக்காரர்கள் கட்டுகிற சுவிஸ் வாட்ச்சுகள் எல்லாம் வரிசையாகப் படுத்திருந்தன. தம்பி நின்றான். தங்க நிறத்தில் ஒன்றை எடுத்தான். கடைக்காரர் ஆயிரத்து எண்ணூறு என்றார்.

நான் சும்மா இருப்பேனா? அசலா என்பதில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். கடைக்காரரும் சளைக்கவில்லை.

"காப்பிதான் அக்கா. பம்பாயில இருந்து வருது. அசல்ல நொடிமுள்ளு வழுக்கிட்டுப் போவும், இதுல துள்ளித் துள்ளிப் போவுது பாருங்க."

"உள்ள சின்னதா மூணு வட்டம் இருக்கே?"

"அது சும்மா படம். ஓடாது."

"முந்நூறு மீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணி போகாதுன்னு எழுதியிருக்கு?"

"அச்சடிக்கதுக்கு என்ன, ஆயிரம்னுகூட அடிக்கலாம். தண்ணிய மட்டும் காட்டிராதீய. ரெண்டு மாசத்துல கலரும் வெளுக்கும், சிலருக்குக் கை அரிக்கும். நான் எல்லாத்தையும் சொல்லித்தான் விக்கேன். வாங்குதவங்க வீட்டுல போயி என்ன சொல்லுதாவன்னு எனக்குத் தெரியாது."

அருவிக்கு இருநூறு அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் ஆகாத வாட்ச்சை விற்கிற தைரியத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. தம்பி பேரம் பேசித் தொள்ளாயிரத்துக்கு வாங்கிக் கட்டிக்கொண்டான். "எந்த ஊர்ல வந்துடா அல்வா குடுக்கப் பாக்குற?" என்றேன். "சும்மா ஒரு கெத்துக்குக்கா" என்றான்.

ஞாயிறு காலை ஆறரை. பெண் வீட்டார் வேனில் வந்தார்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சுடலைமுத்து மாமா, அத்தை, சங்கரி, அவள் அண்ணன் முருகேசன். முருகேசன் போலீஸ். இறங்கியதும் அவர் கண் நேராகத் தம்பியின் கைக்குப் போயிற்று.

"வாட்ச்சு பளபளங்குதே மாப்ள, எங்க வாங்குனது?"

"கம்பெனில குடுத்தது. அஞ்சு வருஷம் சர்வீஸ் முடிச்சதுக்கு."

அட பாவி! சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டான்.

குற்றாலத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் குளிக்காமல் கரையில் உட்கார்ந்து எல்லாருடைய செயின், மோதிரம், போனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அத்தை உட்கார்ந்தார். எண்ணெய் தேய்த்து முடித்ததும் தம்பி வாட்ச்சைக் கழற்றப் போனான். முருகேசன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டாண்டாம் மாப்ள. முந்நூறு மீட்டர்னு போட்டிருக்குல்லா! இந்த அருவி என்ன செய்யும்?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன். கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். கழற்றாமலே போனான்.

பெண்கள் பக்கம் தனி. சங்கரி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். முதல் அடி தோளில் விழுந்ததும் அம்மா என்று கத்திவிட்டேன். அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. தண்ணீரா அது? நாலு பேர் சேர்ந்து முதுகில் குத்துகிற குத்து. வெளியே வரவே மனசில்லை. சங்கரி, "போதும் மதினி, காய்ச்சல் வந்திரும்" என்று சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு வந்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போயிற்று. இவளிடமா இவன் பொய் சொல்கிறான் என்று இருந்தது.

ஆண்கள் அத்தையின் அருகில் தலை துவட்டிக்கொண்டு நின்றார்கள். தம்பி கையைத் துண்டுக்குள் வைத்திருந்தான். முருகேசன் துண்டை விலக்கினார். கண்ணாடிக்குள் வெள்ளையாகப் புகை மூடியிருந்தது, அடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் உருண்டது. முள் நின்றுவிட்டது.

"ஏலே, வாட்ச்சு தண்ணி குடிச்சிட்டுல்லா!" என்று முருகேசன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். "கம்பெனியாவது உண்டுமா மாப்ள?" என்றார்.

அவர் கேலிக்குத்தான் கேட்டார். தம்பியும் சிரித்திருக்கலாம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தலை நிமிரவே இல்லை. மாமாவின் சிரிப்பு நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல மாமா. கம்பெனிய மூடி நாலு மாசமாச்சு" என்றேன்.

ஒன்பது மணிக்கு ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். அத்தை மட்டும் "இன்னொண்ணு வைக்கட்டா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தென்காசி பஸ் ஸ்டாண்டில் எங்களை இறக்கிவிட்டார்கள். மாமா, "சொல்லி அனுப்புதோம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? சங்கரி மட்டும் எங்களோடு பஸ் வரைக்கும் வந்தாள். தம்பியிடம் பேசினாள்.

"வேலை போனதுக்கு நான் கோவப்படல. லீவு எப்ப முடியுதுன்னு போன்ல மூணு தடவ கேட்டேன். மூணு தேதி சொன்னிய. அப்பவே வெளங்கிட்டு. நீங்களா சொல்லுவியன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு வாட்ச்சு சொல்லிச்சு, மதினி சொன்னாவ. நீங்க சொல்லவே இல்லியே."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பத்தரைக்கு பஸ் கிளம்பியது. திட்டத்தான் நினைத்தேன், அவன் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. கடையநல்லூரில் ஆள் இறங்குவதற்கு பஸ் நின்றது. தம்பி எழுந்தான்.

"எங்கடா?"

"நீ போக்கா. நான் சொல்லிட்டு வர்றேன்."

"மதுரைக்குல்லா டிக்கெட் எடுத்திருக்கிய!" என்று கண்டக்டர் கத்தினார். அவன் ரோட்டைக் கடந்து, எதிரே தென்காசிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஓடி ஏறுவது தெரிந்தது.

மூன்று மணிக்கு மதுரையில் இறங்கினேன். அங்கே சாரல் சட்டையை நனைத்த அதே ஞாயிற்றுக்கிழமை, இங்கே தார் உருகிக்கொண்டிருந்தது. தம்பி இரவு வந்து சேர்ந்தான். என்ன சொன்னாள் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவன் வாயிலிருந்தே வரட்டும்.