பன்னிரண்டு நாள் அணைந்திருந்த போன்

எங்கள் வீடுகளில் வெளிநாட்டுச் சாமானுக்கு ரசீது கேட்பது வழக்கமில்லை. தூத்துக்குடியில் கப்பலுக்குப் போகிறவர்களின் குடும்பங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இப்படித்தான். ஒப்பந்தம் முடிந்து வருகிறவர் பெட்டியைத் திறப்பார். சோப்பு, கம்பளி, வாசனைத் திரவியம், உடன் வேலை பார்ப்பவர் தன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய சாக்லேட் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். எந்தத் துறைமுகத்தில் வாங்கியது என்று கேட்போம். யாரிடம் வாங்கியது என்று கேட்டதில்லை. கடல் தாண்டி வந்திருக்கிறது என்பதே போதும். கல்லூரி நூலகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு புத்தகமும் எங்கிருந்து வந்தது என்று பதிவேட்டில் எழுதிவரும் நான், ஒரு போன் வாங்கும்போது மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

என் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை செய்கிறார். ஆண்டில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். என் பழைய போனின் கேமரா மங்கிப்போயிருந்தது.

"ஏளா, மூஞ்சி பூரா ஒரே பனியா இருக்கு. நீதானா, இல்ல உனக்குப் பதிலா வேற யாரும் உக்காந்திருக்காகளா?" என்று சிரிப்பார்.

அடுத்த முறை என் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று, அவரிடம் சொல்லாமல், இணையத்தில் ஒரு போனை வாங்கினேன். அமெரிக்காவில் ஒருவர் பயன்படுத்தியது, விலையுயர்ந்த வகை. அந்த நாட்டு நிறுவனம் ஒன்றின் சிம் மட்டுமே வேலை செய்யும் என்று விளம்பரத்தின் கடைசி வரியில் இருந்தது. நம் ஊர்க் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் அதைச் சரிசெய்துவிடுவார் என்று எண்ணிக்கொண்டேன்.

வழக்கமாகப் போகும் போன் கடை அண்ணாச்சி என் சிம்மைப் போட்டுப் பார்த்தார். எடுத்துத் துடைத்து மறுபடியும் போட்டார்.

"யக்கா, இது அந்த ஊரு கம்பெனிக்காரன் தவணைக்குக் குடுக்குற போனு. அவன் சிம்மத் தவிர எதையும் ஏத்துக்கிடாது."

"திறக்க முடியாதா அண்ணாச்சி?"

"வாங்குன ஆளு கேட்டா அவன் தொறந்து விடுவான். அந்த ஆளு எங்க இருக்கானோ, யாரு கண்டா?" என்றவர், போனுக்குள் இருந்த பதினைந்து இலக்க அடையாள எண்ணைத் தேடியெடுத்துத் தன் கணினியில் தட்டினார். சற்று நேரம் திரையையே பார்த்தார். "வாங்குறதுக்கு முந்தி இந்த நம்பர அனுப்பச் சொல்லிருக்கலாம்லா யக்கா? காணாமப் போன போனுன்னு பதிஞ்சு வச்சிருக்கு."

அதைக் கண்ணாடி மேசைமேல் என் பக்கம் தள்ளினார், மறுபடியும் கையில் எடுக்க விரும்பாதவர் போல. "வீட்டு வைஃபைல போட்டுப் படம் பாக்கலாம். வேற ஒண்ணுத்துக்கும் ஆவாது."

அன்று மாலை நான் அதைத்தான் செய்தேன். போனில் பூட்டு எதுவும் இல்லை. உள்ளே யாரோ எடுத்த படங்கள் அழிக்கப்படாமல் இருந்தன. பனியில் நிற்கும் ஒரு நாய். சுவரில் சாய்த்த மஞ்சள் சைக்கிள். மாவு பிசையும் ஒரு பெண்ணின் கைகள், முகம் இல்லாமல். எடுத்தவர் ஒரு படத்தில்கூட இல்லை. பிறர் வீட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற கூச்சத்தோடு அடுத்த படத்துக்குப் போகும்போது திரை கறுத்தது. பிறகு கடவுச்சொல் கேட்டது. அதற்கு மேலே ஆங்கிலத்தில் மூன்று வரிகள் இருந்தன.

"இது இறந்துபோன என் மகனுடைய போன். அவன் எடுத்த படங்கள் இதில் இருக்கின்றன. தயவுசெய்து அவனுடைய அம்மாவான என்னை அழையுங்கள்."

கீழே ஒரு தொலைபேசி எண். நான் படித்து முடிப்பதற்குள் போன் ஒலிக்கத் தொடங்கியது. அழைப்பு மணியின் ஓசை அல்ல அது. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ இரும்பைத் தட்டுவது போன்ற ஒலி. இரண்டு நிமிடம் நீடித்துத் தானாக நின்றது. தொலைந்த போனை அதன் சொந்தக்காரர் எங்கிருந்தும் ஒலிக்கச் செய்யலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடிகாரம் நான்கரையைக் காட்டியது. அங்கே அப்போது விடிகாலை. கண்விழித்ததும் ஒரு தாய் செய்கிற முதல் காரியம் அது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

மறுநாளும் கல்லூரிக்கு விடுமுறை. அதே நேரத்தில் மறுபடி ஒலித்தது. அப்போது என் கணவரின் அக்கா திரேஸ்புரத்திலிருந்து மீன் கொண்டுவந்து, அடுப்படியில் ஊளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏளா, அலமாரிக்குள்ள என்னது கெடந்து அழுவுது?"

"போன், மைனி."

"போனா? எடுத்துப் பேசேன். யாரோ தேடுதாகல்லா?"

நான் எடுக்கவில்லை. முதல் நாளே விற்றவருக்கு எழுதியிருந்தேன். மைனி போனபின் அவருடைய பதில் வந்தது. உடனே வைஃபையைத் துண்டிக்க வேண்டும். அந்தப் பெண்ணை அழைத்தால் திருடிய ஆள் நீங்கள்தான் என்று புகார் கொடுப்பார். பேசாமல் அணைத்து வைத்தால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

அது பொய்யென்று தெரியாத அளவுக்கு நான் பேதையல்ல. ஆனால் அச்சம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. என் கணவரின் பாஸ்போர்ட்டை அந்த ஆண்டு புதுப்பிக்க வேண்டியிருந்தது. காவல் நிலையத்திலிருந்து வந்து விசாரிப்பார்கள். கப்பலுக்குப் போகிறவர் வீட்டில் திருட்டுப் பொருள் என்ற சொல்லே எழக்கூடாது. ஒரு எழுத்தர் பேனாவைத் தயங்கி வைத்தால் போதும், அவர் கரையிலேயே நின்றுவிடுவார். நான் போனை அணைத்தேன். துண்டில் சுற்றிப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

பன்னிரண்டு நாள் அது அங்கே இருந்தது. நூலகத்தில் நான்கரை மணி ஆகும்போது என் கை தானாக நின்றுவிடும். ஒலி வராது; வராது என்பதும் தெரியும். ஆனால் எங்கோ ஒரு விரல் அந்த நொடியில் அழுத்துகிறது என்பதும் தெரியும். வீட்டில் அலமாரியைத் திறக்கும்போது துண்டைப் பார்க்காமல் புடவையை உருவக் கற்றுக்கொண்டேன். விற்றவர் அதன்பின் என் எந்தச் செய்திக்கும் பதில் எழுதவில்லை.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை என் கணவர், "என்னளா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"முந்தின கப்பல்ல எங்க சமையல்காரன் நெஞ்சு வலியில போனான்லா? கேப்டன் உடனே அவன் கேபினப் பூட்டிட்டாரு. ரெண்டு பேரச் சாட்சிக்கு வச்சு, சோப்பு டப்பா, கிழிஞ்ச பனியன், பாதி தீந்த பேஸ்ட்டு எல்லாத்தையும் எழுதி வீட்டுக்கு அனுப்புனோம். அவன் வச்சிருந்த சிகரெட்ட ஒருத்தனும் தொடல. நீ என்னன்னா செத்த பிள்ளையோட போனத் துண்டுல சுத்தி வச்சிருக்க."

"உங்க பாஸ்போர்ட்டு..."

"பாஸ்போர்ட்டு கெடக்கட்டும். அந்தம்மாவக் கூப்பிடு."

மறுநாள் விடுப்பு எடுத்து, போனுக்கு மின்னேற்றி, வைஃபையில் இணைந்ததா என்று பார்த்து, நான்கரைக்காகக் காத்திருந்தேன். ஒலிக்கவில்லை. ஐந்து மணிவரை மேசைமேல் கிடந்த அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். பிறகு என் பழைய போனிலிருந்து அந்த எண்ணை அழைத்தேன்.

அந்தத் தாய்தான் எடுத்தார். என் பெயரைக் கேட்கவில்லை. உங்கள் மகனின் போன் என்னிடம் இருக்கிறது, நான் தென்னிந்தியாவில் ஒரு துறைமுக ஊரில் இருக்கிறேன் என்றேன்.

"அது நனைந்துவிட்டதா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாக விளக்கினார். மகன் சாலை விபத்தில் இறந்து எட்டு மாதமாகிறது. அன்றே போன் காணாமல் போயிற்று. திடீரென்று ஒரு நாள் வரைபடத்தில் ஒரு புள்ளி தோன்றியது. அது ஒரு தேசத்தின் கடைசி ஓரத்தில், கடலைத் தொட்டுக்கொண்டு இருந்தது. மறுநாளே அணைந்தது. யாரோ கடலில் எறிந்துவிட்டார்கள் என்று நினைத்தாராம்.

"இல்லை, நனையவில்லை," என்றேன். "நான்தான் அணைத்து வைத்தேன். பயந்துவிட்டேன்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் வைக்கப்படும் ஓசை கேட்டது.

"அவனுடைய எண்ணை இத்தனை மாதமும் நிறுத்தாமல் வைத்திருந்தேன்," என்றார். "கூப்பிட்டால், அவன் முன்பே பதிந்துவைத்த பதிலில், இப்போது எடுக்க முடியவில்லை, பிறகு நானே அழைக்கிறேன் என்று அவன் சொல்வான். அதைக் கேட்பதற்காக. எல்லோரும் விட்டுவிடச் சொன்னார்கள். போன் கடலுக்குள் போய்விட்டது என்று ஆனபிறகு, போன வெள்ளிக்கிழமை நிறுத்தினேன். எண்ணோடு சேர்ந்து குரலும் அழிந்துவிடும் என்று எனக்குத் தெரியாது."

"படங்களில், வீடியோக்களில் அவர் குரல் இருக்காதா?"

"எடுக்கும்போது அவன் பேச மாட்டான். மற்றவர்கள் பேசட்டும் என்று விட்டுவிடுவான்."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அது ஒரு பிடிமானமாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். புதிதாக வந்த புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பேட்டரி உள்ள போனை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூரியர் அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒருவர் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போகும் கப்பலில் ஏறவிருந்தார். கையோடு கொடுத்தனுப்புவது எங்களுக்குப் புதிதல்ல. ஊறுகாயும் மருந்தும் அப்படித்தான் உலகம் சுற்றுகின்றன. அவர் பையில் போனை வைக்கும்போது, முதல் முறையாக இப்படிக் கொடுத்தனுப்பும் ஒரு பொருளைப் பற்றி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்: யாருடையது, எப்படி வந்தது, யாரிடம் சேர வேண்டும்.

ஏழு வாரம் கழித்து அந்தத் தாயிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "வந்துவிட்டது. காலையில் நான் அதை ஒலிக்கச் செய்கிறேன். இப்போது பக்கத்து அறையிலிருந்து கேட்கிறது." மாவு பிசையும் கைகள் அவருடையவை என்றும் எழுதியிருந்தார். பதில் எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. உங்களிடம் வந்து சேர்ந்ததில் நிம்மதி என்று மட்டும் எழுதினேன்.

போன் போய்ச் சேர்ந்ததைக் கணவரிடம் சொன்னேன். குரலைப் பற்றி இன்றுவரை சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, பேச வேண்டியதெல்லாம் பேசி முடிந்தபின் அவர், "சரி, வச்சுரவா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"எதையாவது."

என்ன நினைத்தாரோ, மறுக்கவில்லை. கப்பலில் வெங்காயம் தீர்ந்துபோனதையும், இந்தக் கப்பலின் சமையல்காரர் தக்காளியை மட்டும் வைத்து மூன்று நாள் ஓட்டியதையும், எஞ்சின் அறையில் ஒரு பம்பு நாள் முழுக்க விக்கிக்கொண்டிருப்பதையும் சொல்லிக்கொண்டே போனார். நான் குறுக்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை.