குந்தாரப்பள்ளிச் சந்தையில் திமிங்கலத்தின் கணுக்கால்

ஓசூரில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். திமிங்கலமும் ஆடும் ஒரே முன்னோரின் வழிவந்தவை என்று பதினோரு வருடமாகச் சொல்லிவருகிறேன். போன வாரம் கீர்த்தனா எழுந்து, "நீங்க பாத்தீங்களா மிஸ்?" என்றாள். பாடப்புத்தகத்தைக் காட்டினேன். 'அவ்வளவுதானா' என்பதுபோல் உட்கார்ந்தாள். அது உறுத்திக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமைக்குள் கையில் ஏதாவது வேண்டும்.

வேண்டியது, ஆட்டின் பின்னங்காலில் கணுக்கால் மூட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன எலும்பு. எங்கள் தெருக் கறிக்கடையில் அதைத் துண்டாக்கித்தான் தருகிறார்கள். குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை. அன்று விடுப்பு போட்டுவிட்டு, காலை 5.40-க்குக் கிருஷ்ணகிரி பேருந்தில் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். சூளகிரியில் லாரி நெரிசல், கேட்கவே வேண்டாம். குந்தாரப்பள்ளியில் இறங்கும்போது மணி ஏழு.

சந்தை ஓரத்தில் முனிராஜ் என்பவரின் கறிக்கடை. எலும்பு முழுசாக வேண்டும் என்றேன்.

"எலும்பு மேல கத்தி பட்டா அது வேலையே இல்லீங்க மேடம். இருபது வருசமா வெட்டிக்கினு இருக்கறன்."

மூட்டை விரலால் தடவினார். கத்தி முனையை நுழைத்து ஒரு திருப்பு. எலும்பு என் உள்ளங்கையில். இரண்டு முனையிலும் கிணற்று உருளைபோல ஒரு பள்ளம். ஆடு, மாடு, மான், பன்றி வகைக்கு மட்டுமே இப்படி; நாய்க்கும் குதிரைக்கும் ஒரு முனையில்தான்.

மொபைலில் இருந்த, இதேபோன்ற எலும்பின் புதைபடிவப் படத்தை, எதுவென்று சொல்லாமல் நீட்டினேன்.

"ஆட்டோடதுங்க. பெருசா இருந்தா மாட்டோடது."

"திமிங்கலம்ண்ணா. நாலு கோடி வருசத்துக்கும் முந்தினது."

கத்தியைக் கீழே வைத்தார். "கால் இல்லாததுக்கு இது எதுக்குங்க?"

"அப்போ கால் இருந்துச்சு."

மொபைலை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, அவரும் எதுவும் சொல்லாமல் படத்தை நீட்டினார். ஆடுதான் என்று அந்த அம்மா தெலுங்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அறிஞர்கள் இந்த எலும்பை வைத்துத்தான் உறவை உறுதிசெய்தார்கள். இவர்கள் அதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

சந்தைக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் கலைந்துவிடும். எலும்பைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து இரண்டு நாள் வெயிலில் காயப்போடுங்கள். எறும்பு ஜாக்கிரதை.

திங்கட்கிழமை எலும்பையும் படத்தையும் கீர்த்தனாவிடம் கொடுத்தேன். "பாத்தேன். இப்போ நீ பாரு."

திருப்பித் திருப்பிப் பார்த்தவள், குனிந்து தன் கணுக்காலைத் தடவினாள். "எனக்கும் இது இருக்கா மிஸ்?"

இருக்கிறது, ஒரு முனையில் மட்டும் உருளையோடு என்றேன். வகுப்பு மொத்தமும் டெஸ்க்குக்கு அடியில் குனிந்தது.