ஏழாம் கலத்தில் பலாப்பழம்

புதிய கருவியைச் சோதிக்க அனுமதி கேட்கும் விண்ணப்பம் கிடைத்த முப்பது நாளுக்குள் அனுமதி, மறுப்பு, விளக்கம் கேட்டல் ஆகிய மூன்றில் ஒன்றை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நான் நிர்வாக அலுவலராக இருந்த மருத்துவமனையின் நடைமுறைக் கையேட்டில் இப்படி ஒரு விதி உண்டு. பக்க எண்ணை இன்றும் சொல்வேன். அதிலுள்ள ஓட்டையையும் சொல்வேன். விளக்கம் கேட்டுவிட்டால் முப்பது நாள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். எங்கள் தலைமை அலுவலகத்துக்கு அந்த விதியில் பிடித்தமான பகுதி அதுதான்.

அந்த விதியோடு சேர்ந்து நினைவுக்கு வருபவர் எங்கள் மெக்கானிக். கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்ற ஊர்ப்பகுதியைச் சேர்ந்தவர். அறுவை அரங்கின் கருவிகளைப் பழுது பார்ப்பவர். பேச்சு குறைவு. கழற்றிய திருகுகளை வரிசை மாறாமல் துணியில் அடுக்கி வைப்பார். அவருடைய தங்கை கணவர் மிளகு பறிக்க ஏறிய சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பு உடைந்து, எங்களிடமே வந்து சேர்ந்தார். எங்கள் எலும்பு சர்ஜன் திருகாணிகள் போட்டு நிமிர்த்தினார். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. ஆணிகளில் ஒன்று எலும்பின் சுவரைத் தாண்டி நரம்பை உரசிவிட்டது. அந்த மனிதர் பிழைத்தார், நடந்தார், ஆனால் இடது காலை இழுத்துக்கொண்டு. டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. "ஊசி சரியாத்தான் போகுதுன்னு என் கை சொல்லிச்சு. நம்பிட்டேன்" என்று மெக்கானிக்கிடமே சொன்னார். மெக்கானிக் சண்டை போடவில்லை. சற்று யோசித்துவிட்டு, "கை சொல்றதை ஒரு மிஷினும் கூடவே இருந்து சொன்னா உதவுங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

அப்படித்தான் அந்த ஊசி பிறந்தது. திருகாணிக்கு வழி செய்யச் சர்ஜன்கள் எலும்புக்குள் இறக்கும் தடித்த ஊசி அது. கழித்துக்கட்டிய குழந்தை எடைக் கருவியிலிருந்து பாரத்தை உணரும் தகட்டை எடுத்து, மெக்கானிக் அதன் கைப்பிடிக்குள் பொருத்தினார். (எடுக்க முறைப்படி உத்தரவு போட்டது நான்.) அழுத்தம் கூடினால் சின்னப் பெட்டி ஒன்று கீச்சென்று குரலை உயர்த்தும். எலும்பின் நடுப்பகுதி பஞ்சு மாதிரி இருக்கும், சுவர் கெட்டி. சுவரைத் தொட்டதும் பெட்டி கத்தினால் சர்ஜன் ஊசியைத் திருப்பிக்கொள்ளலாம். சுவரைத் தாண்டிய பிறகு தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

1999இல் கொல்லிமலைச் செம்மேட்டில் நடந்த மருத்துவ முகாம் முடிந்து, டாக்டரம்மாவும் நானும் மெக்கானிக் வீட்டுக்குப் போனோம். வாசலில் சாக்கு விரித்து பாதி பழுத்த பலா ஒன்றை வைத்திருந்தார். சுளை பஞ்சு, கொட்டை சுவர். ஊசியை இறக்கினார். பெட்டி முனகியது. கொட்டையில் முனை பட்டதும் குரல் ஏறியது. அங்கேயே நிறுத்திப் பழத்தை வெட்டிக் காட்டினார். கொட்டையின் தோலில் ஊசி முனையளவு பள்ளம் மட்டும் இருந்தது. "கொட்டையைத் தொடறப்பவே கத்தோணுமுங்க. தாண்டிப் போயிக் கத்தி என்னங்க பிரயோசனம்?"

தங்கை கணவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பழத்துல பழகறே மச்சான். டாக்டரம்மா என் முதுகுல பழகிட்டாங்க" என்றார். தங்கை, "சும்மா இருங்க" என்று அதட்டினாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. வெட்டிய கொட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம், "எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் சர்வீஸ். அதுக்குள்ள இறந்தவங்க எலும்புல இதைச் சோதிக்க அனுமதி வாங்கிக் குடுங்க. அடுத்து வர்றவர் இதைத் தொடக்கூட மாட்டார்" என்றார்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ஏழாம் கலம்: முன்னர் சோதித்த பொருள்கள். "பலாப்பழம்னு எழுதினாச் சிரிப்பாங்க சார். விட்டுருங்க" என்றார் மெக்கானிக். சோதித்ததை மறைப்பது விதிமீறல் என்று விளக்கினேன். எனக்கு எல்லா விதியும் தெரியும் என்ற பெயர் இருந்தது. அவர் தலையாட்டினார். பலாப்பழம் என்று தெளிவான எழுத்தில் எழுதினேன்.

இருபத்தொன்பதாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். பழம் எந்த ரகம்? எழுதினோம். அடுத்த இருபத்தெட்டாம் நாள், பழுத்த அளவு என்ன, அதைத் தீர்மானித்தவரின் தகுதி என்ன என்று கேட்டார்கள். அதற்கும் எழுதினோம். பிறகு தோட்டக்கலை அலுவலரின் சான்று வேண்டும் என்றார்கள். சந்தை நாளில் செம்மேடு அலுவலகத்துக்குப் போய் நின்றேன். "தின்ன பழத்துக்கு எப்படிங்க சார் நான் சர்டிபிகேட் குடுக்கறது? வேணும்னா பாக்கி இருக்கற மரத்துக்குக் குடுக்கறேன்" என்றார் அந்த அதிகாரி. மரத்துக்கே வாங்கி அனுப்பினேன். மரம் சோதனையில் பயன்படுத்தப்பட்டதா என்று கேட்டுக் கடிதம் வந்தது. மெக்கானிக் ஒவ்வொரு கடிதத்தையும் நின்றபடியே படித்துவிட்டு, "டாக்டரம்மாவுக்கு இன்னும் எத்தனை மாசமுங்க?" என்று மட்டும் கேட்பார். ஐந்து என்றேன். இரண்டு என்றேன். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

டாக்டரம்மா ஓய்வு பெற்றார். அடுத்து வந்த சர்ஜன் ஊசியைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் இருமுறை அசைத்து, "என் கை போதும்" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த மாதமே மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு, செம்மேட்டில் பைக் ஒர்க்‌ஷாப் போட்டார். இன்று இதுபோல் குரல் கொடுக்கும் கருவிகள் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருகின்றன. யாரும் அவற்றைப் பழம் பற்றிக் கேட்பதில்லை.

மெக்கானிக் வேலையை விட்டுப் போன பிறகு, எங்கள் விண்ணப்பத்துக்குப் பதில் ஒருவழியாக வந்தது. அனுமதி வழங்கப்படுகிறதாம். கீழே ஒரு குறிப்பு: ஏழாம் கலம் உயிருள்ளவற்றின் மீது செய்த சோதனைகளுக்கு மட்டுமே உரியது. படிவத்தின் பின்பக்கம் காண்க. பலாப்பழம் பற்றிய தகவலும் அதன் தொடர்பான கடிதங்களும் தேவையற்றவை. படிவத்தை எடுத்துத் திருப்பினேன். சின்ன எழுத்தில் இருந்தது. எத்தனையோ வருடமாக அந்தப் படிவத்தை நிரப்பியவன், ஒருநாளும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

கடிதத்தோடு மலையேறினேன். மெக்கானிக் கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். கீழே உள்ள குறிப்பை இரண்டாம் முறையும் படித்தார்.

"அப்போ எழுதாமயே இருந்திருக்கலாமுங்களா சார்?"

"இருந்திருக்கலாம்" என்றேன்.

அவர் மடித்த மடிப்பிலேயே மடித்துக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். அதன் மூலையில், என் கையெழுத்தில், பெறப்பட்ட தேதி இருந்தது: 12.2.2002.