வந்தவர்களுக்கு எரித்த விறகு

இரண்டு விறகுக் கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுகிறார் வீரபத்திரன். 'டங்'கென்று கேட்டால் காய்ந்தது, வலப்பக்கம் போகும். 'தொப்'பென்று கேட்டால் ஈரம், இடப்பக்கம். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையை உயர்த்தி நிறுத்துவார். ஈரத்தை அளக்கக் கம்பனி ஒரு கருவியும் கொடுத்திருக்கிறது. தட்டிப் பார்த்த பிறகு அதையும் குத்திப் பார்ப்பார். அவர் நினைத்ததையே கருவி காட்டினால், "சரியாத்தான் சொல்லுது." வேறாகக் காட்டினால், "பெட்டரி எறங்கிருச்சு போல." பலமுறை கருவிதான் சரி.

தலவாக்கலைக்கு மேலே, எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் அவர் அடுப்புக்காரர். அரைத்த கொழுந்தைக் காய வைக்கும் சூட்டுக் காற்று அவருடைய அடுப்பிலிருந்துதான் போகிறது. தோளில் எப்போதும் இரண்டு துண்டுகள் கிடக்கும். ஒன்று முகம் துடைக்க, மற்றது அடுப்புக் கதவு துடைக்க. கதவுத் துண்டுதான் வெள்ளையாக இருக்கும். "எனக்கு ஒரு சேல எடுக்கணும்னா ஆறு மாசம் யோசிப்பாரு. அடுப்புக்குன்னா அன்னைக்கே துண்டு வாங்கிருவாரு" என்பார் மலையில் கொழுந்தெடுக்கும் அவர் மனைவி வீரம்மா.

அந்த ஸ்டோர் காற்றில் எவ்வளவு கரியமில வாயுவையும் மற்ற வாயுக்களையும் விடுகிறது என்று கணக்கிடுவது என் வேலை. மின்சாரம், லொறிகளின் டீசல், மலைக்குப் போடும் உரம், அடுப்பின் விறகு எல்லாம் அதில் சேரும். வீரபத்திரனுக்கு நான் ஒரே லயத்து வீட்டு வரிசையில் இரண்டு காம்பரா தள்ளிப் பிறந்த பிள்ளை. தனியாக இருக்கும்போது "பாப்பா" என்பார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் உள்ளே வந்தால் அதே வாக்கியத்தின் நடுவில் "மிஸ்" ஆக்கிவிடுவார். இரண்டில் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கே சில நேரம் குழப்பம்.

எங்கள் தேயிலையை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், முதல் தடவை அளந்ததைவிட இந்த வாயுக்கள் பத்தில் ஒரு பங்காவது குறைய வேண்டும் என்கிறார்கள். குறையாவிட்டால் இந்த அடுப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஏற்றிவிடுவதாகக் கம்பனி சொல்லிவிட்டது.

"அடுப்பு அணைஞ்சா நான் எங்க போறது? கொழுந்தெடுக்கவா?" என்று ஒருநாள் கேட்டார்.

"வாங்க, கொழுந்துக் கூட தாரேன்" என்றார் வீரம்மா. "ஆனா கங்காணி ஏசுனா என்னையப் பாக்கப்படாது."

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். விறகுக்குக் கூரை போட்டோம். கட்டைகளை மெல்லியதாகப் பிளந்தோம். சூட்டுக் குழாய்களுக்கு உறை சுற்றினோம். பள்ளத்துக் காற்று நன்றாக அடிக்கும் நாட்களில் கொழுந்து வாட்டும் விசிறிகளை நிறுத்தினோம். மின்சாரம் குறைந்தது. விறகு மட்டும் குறையவில்லை. ஒரு கிலோ தேயிலைக்கு எரியும் விறகு, முதல் அளவீட்டைவிடக் கூடுதலாகவே நின்றது.

"வெறகெல்லாம் எங்கப்பா போவுது?" என்று டீமேக்கர் கேட்பார்.

"அடுப்புக்குள்ளதாங்க ஐயா போவுது."

முதல் அளவீடு நான் வேலைக்கு வருவதற்கு முன் நடந்தது. அன்று என்ன விறகு எரித்தீர்கள் மாமா என்று ஒரு பிற்பகல் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"அது நம்ம தனி வெறகு. கொழும்புலருந்து அளக்க ஆளுக வாராங்கன்னு சொன்னாங்க. பின்னால அடுக்கி, ஒரு வருசமா காய வச்சிருந்தத எடுத்து எரிச்சேன். கதவத் தொறந்தா பொகையே இல்ல பாப்பா. அந்த ஐயா என் கையப் புடிச்சிக் குலுக்கிட்டுல்ல போனாரு."

"அந்த விறகு எப்பவும் எரிக்கிறதா?"

"அதெப்படி? தொர வாராருன்னா லயத்தக் கூட்டிப் பெருக்குறதில்லயா? அது மாதிரிதான். வந்தவங்களுக்குப் பொகையவா காட்டுறது?"

அந்த நல்ல விறகின் அளவுதான் எங்கள் தொடக்கக் கணக்காகப் பதிவாகியிருந்தது. லொறியில் நனைந்து வரும் விறகை வைத்துக்கொண்டு, அதைவிடக் குறைக்கத்தான் இத்தனை நாள் பாடுபட்டிருக்கிறோம். விளக்கிச் சொன்னேன். கையிலிருந்த கட்டையை வலப்பக்கமும் வைக்காமல் இடப்பக்கமும் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் நல்லா எரிச்சதுதான் குத்தமா?"

குற்றமில்லை என்றேன். ஆனால் எரித்தவர் வாயாலேயே அதைச் சொன்னால்தான், வழக்கமான விறகைப் பழையபடி எரித்துத் தொடக்கக் கணக்கை மறுபடி அளக்க முடியும். "ஏமாத்துக்காரன்னுவாங்க" என்றார். பிறகு சில நாட்கள் என்னைக் கண்டால் அடுப்புக்குள் குனிந்துகொண்டார்.

"ஏமாத்தி நீங்க என்னத்தக் கண்டீங்க? கை குலுக்குனதுதான் மிச்சம்" என்றார் வீரம்மா. "இப்பவே போயிச் சொல்லுங்க. ஸ்டோர மூடுனப்பறம் யாருகிட்ட சொல்றது?"

போனார். டீமேக்கரின் அறை வாசற்படியைத் தாண்டாமல் நின்று சொன்னார். டீமேக்கர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "அடப்பாவி, இத்தன மாசமா கொழும்புல நான்ல ஏச்சு வாங்குனேன்."

போன வாரம் அளப்பவர்கள் மறுபடி வந்தார்கள். கூரை போடுவதற்கு முன் எரித்ததுபோல, லொறியில் வந்தபடியே, பிளக்காத விறகைத்தான் எரிக்க வேண்டும். வீரபத்திரன் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். கதவை இரண்டு தடவை துடைத்தார். முதல் கட்டைகளை எடுத்தவர் வழக்கப்படி தட்டினார். 'தொப்'. கை தானாக இடப்பக்கம் போனது. பாதியில் நிறுத்தி அடுப்புக்குள் தள்ளினார்.

தராசில் விறகு ஏறிக்கொண்டே போனது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்; தொடக்கக் கணக்கு உயர்ந்தால்தான் நாங்கள் குறைத்தது தெரியும். கதவிடுக்கில் மஞ்சள் புகை கசிந்தது. கருவி பிடித்திருந்த பெண் இருமினாள். வீரபத்திரன் தோளிலிருந்து கதவுத் துண்டை உருவினார். வந்தவர்களுக்கும் புகைக்கும் நடுவில் போய் நின்று, புகையைத் தன் முகத்தின் பக்கமாக விசிறிக்கொண்டார்.