தைலம் பட்ட கவுன்

அந்தச் சலவைக் கடைக்கு யாரும் விலாசம் கேட்க வேண்டியதில்லை. யூகலிப்டஸ் தைல வாசனை தெருமுனையிலேயே மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

கடைக்காரிக்கு ஊர் வைத்த பெயர் தைலக்காரி. தார், கிரீஸ், பசை, எந்தக் கறையானாலும் தைலத்தை ஒற்றி இளக்கி எடுத்துவிடுவாள். கம்பளியில் பூச்சி அண்டாமலிருக்க அலமாரியில் தைலம் நனைத்த பஞ்சு. மூக்கடைப்போடு வருபவர்களுக்குக் கைக்குட்டையில் ஒரு சொட்டு இலவசம். "குடிச்சு கிடிச்சு வைக்காதீங்க, விஷம்!" என்ற அதட்டலும் இலவசம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தைலம் பட்ட துணியைச் சோப்பில் அலசி, வாசனை அடியோடு போகும்வரை இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கத்தில் கொண்டுவர மாட்டாள். முன்பொரு நாள் அவசரப்பட்டுத் தேய்த்த தலையணை உறை பக்கென்று பற்றிக்கொண்டது. அன்று போன இடது புருவம் இன்னும் அரைகுறைதான்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் அன்று காலை அவளுடைய நாத்தனாருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நெடுநாள் அலைச்சலுக்குப் பிறகு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. வழியில், பஸ் இருக்கையில் எந்தப் புண்ணியவானோ ஒட்டிவைத்த சூயிங்கம் அவளுடைய ஒரே நல்ல கவுனில் அப்பிவிட்டது. அண்ணியின் கடைக்கு ஓடிவந்தாள்; தைலம் ஒற்றியதில் கறை போய்விட்டது, ஆனால் கவுன் ஈரமும் வாசனையுமாகக் கிடந்தது. அவளோ திரைக்குப் பின்னால் இஸ்திரி மேஜையின் தீய்ந்த விரிப்பைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, லேசா ஒரு தேய்ப்பு!"

"முடியாது."

"அப்போ அங்க தொங்குறதுல ஒண்ணு குடுங்க. சாயங்காலம் திருப்பித் தந்துடறேன்."

"அடுத்தவங்க நம்பிக் குடுத்த துணிடி அது."

"நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கல. அதச் சொல்லுங்க!"

அண்ணி திரைக்குள் வந்தாள், தான் உடுத்தியிருந்த கவுனைக் கழற்றி நாத்தனாரின் கையில் திணித்தாள், விரிப்பைப் பிடுங்கித் தான் சுற்றிக்கொண்டாள்.

"ஓடு, நேரமாச்சு."

நாத்தனார் வாசலில் இறங்கும்போதே ஒரு பெரியவர் மூட்டையோடு வந்துவிட்டார். தீய்ந்த விரிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்தபடி, கொஞ்சமும் கூசாமல், ஒற்றைக் கையால் அவருடைய துணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள் அண்ணி. திரும்பிப் பார்த்த நாத்தனார், இப்படி ஒருத்தியையா அப்படிக் கேட்டோம் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

தேர்வறையில் அதிகாரி காற்றில் வந்த தைல வாசனையை முகர்ந்தார். "என்னம்மா, ஜலதோஷமா?"

"இல்ல சார்," என்றாள் அவள், தலை நிமிர்ந்து. "இது எங்க அண்ணியோட கவுன்."